ஐந்நூறு ஈர்க்குச்சி

கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஏழு வருஷத்தில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு விசேஷத்தைக்கூட நான் உட்கார்ந்து பார்த்ததில்லை. நாத்தனாருக்குச் சர்ச்சில் தாலி கட்டியபோது, பக்கத்து மண்டபத்தின் பின்கட்டில் ஒரு அண்டா பால் பொங்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமனார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற விருந்தில் அவரைப் பற்றி யார் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை தெரியாது; வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர் நான். அறுபது பிள்ளைகளை மேய்க்கிறவள் ஒரு அடுப்பைப் பார்த்துக்கொள்ள மாட்டாளா என்று என் மாமியார் நினைத்தார். யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் முடியாது என்று சொன்னதில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு மே மாதம், என் கொழுந்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவர் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். ஆறு வருஷமாகக் கடல்தான். வீட்டுக்கு வரும் கடிதங்களில் ராத்திரி விருந்தில் காப்டனோடு ஒரே அறையில் இருந்தது, வெள்ளைத் துணி விரித்த மேசை, எந்தத் துறைமுகத்தில் என்ன சாப்பாடு என்றெல்லாம் எழுதுவார். மாமியார் அந்தக் கடிதங்களைத் தெருவில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவார். மகன் கப்பலில் ஆபீசர் என்பது எங்கள் தெருவுக்கே தெரிந்த விஷயம்.

பெண் வேப்பேரி. பெண் வீட்டில் எல்லோரும் நன்றாக இங்கிலீஷ் பேசுவார்கள் என்று கேள்வி. கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால், வியாழக்கிழமை சாயங்காலம் வந்து இறங்கிய கொழுந்தனார், துணிப்பையிலிருந்து நான்கு சிவப்புப் பந்துகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒவ்வொன்றும் சின்னத் தேங்காய் அளவு. வழுவழுவென்று, பளபளவென்று இருந்தன. மாமியார் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, பொம்மையா என்று கேட்டார். சீஸ் என்றார் கொழுந்தனார். மேலே இருப்பது மெழுகு, உள்ளே இருப்பது சீஸ்.

பிறகு திட்டத்தைச் சொன்னார். சர்ச்சை ஒட்டிய மண்டபத்தில் சாயங்காலம் ரிசப்ஷன். சாப்பாட்டுக்கு முன்னால், வருகிறவர்கள் கையில் ஒன்று கொடுக்க வேண்டும். சர்பத்தும் மிக்சரும் கூடாது. தாம்பரம் பட்டிக்காடு என்று வேப்பேரிக்காரர்கள் நினைத்துவிடுவார்கள். ஒரு குச்சி. அதில் ஒரு துண்டு அன்னாசி, ஒரு துண்டு சீஸ், ஒரு திராட்சை. அவ்வளவுதான், ரொம்ப சுலபம், அடுப்பே மூட்ட வேண்டாம் என்றார். இருநூற்றைம்பது பேர், ஆளுக்கு இரண்டு.

சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. மாமியாரும் பார்க்கவில்லை. என் கணவர்கூட அந்தப் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் அந்த ஐந்நூறு குச்சிகளும் யார் தலையில் இறங்கின என்பதில் அந்த அறையில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

ருசி பார்க்க அன்றே ஒரு பந்தை அறுத்தோம். என் கணவர் கடற்கரை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஆபீசில் குமாஸ்தா. எதைக் கொடுத்தாலும் குறை சொல்லாத மனுஷர். மெழுகோடு சேர்த்து ஒரு துண்டை வாயில் போட்டு, வெகுநேரம் மென்றார். நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் மெல்ல வேண்டியிருக்கு என்றார். மாமியார் முகர்ந்து பார்த்ததோடு சரி. எனக்கு உப்புப் போட்ட பழைய வெண்ணெய் மாதிரி இருந்தது. அதைச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை. பள்ளிக்கூடம் கோடை விடுமுறை. அதனால் என்னால் வர முடியாது என்று சொல்லக் காரணமில்லை. ரயிலேறிக் கொழுந்தனாரோடு போனேன். நானாக இருந்தால் மாம்பழம் வாங்கியிருப்பேன். மே மாதம். சந்தை முழுக்க மாம்பழ வாசனை. எங்கள் வீட்டு மரத்திலேயே தினமும் பத்து விழுந்துகொண்டிருந்தது. அதையே குச்சியில் குத்தலாமே என்றேன். கப்பலில் மாம்பழம் குத்த மாட்டார்கள், வழுக்கும் என்றார். அன்னாசிதான் வேண்டும். அன்னாசியோ குவியலில் பாதி அழுகல், பாதி காய். விற்ற அம்மா நான் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பதைப் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னாமா, மோந்து பாத்துக்கினே கீறே. வூட்ல இன்னா விசேசம்?"

கல்யாணம் என்றேன்.

"கண்ணாலத்துக்கு அன்னாசிப்பயமா? வாயப்பயம் வாங்கிகினு போமா."

வாழைப்பழத்தையும் கொழுந்தனார் வேண்டாம் என்றார், வெட்டினால் கறுத்துவிடும். அதில் மட்டும் அவர் சொன்னது சரி. பன்னிரண்டு அன்னாசியும் ஒரு கூடை கறுப்புத் திராட்சையும் வாங்கினோம். கூடையை நான் தூக்கினேன். அவர் அன்னாசி மூட்டையைத் தூக்கினார், அதையும் ஸ்டேஷன் படியில் கூலியாளிடம் கொடுத்துவிட்டு, அன்னாசியை எந்தப் பக்கத்திலிருந்து சீவ வேண்டும் என்று எனக்கு விளக்கிக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் குச்சி ஞாபகம் வந்தது. குச்சி எங்கே என்று கேட்டேன்.

"கப்பல்ல பெட்டி பெட்டியா இருக்கும் அண்ணி. அதான் தனியா எடுத்துக்கிட்டு வரணும்னு தோணல."

கடல் கடந்து நான்கு பந்து வந்திருக்கிறது, ஒரு பெட்டி குச்சி வரவில்லை. தாம்பரம் கடைத்தெருவில் கேட்டேன். பல் குத்தும் குச்சி சின்னச் சின்ன டப்பாவில் இருந்தது. கடைக்குக் கடை ஒன்றோ இரண்டோ. ஐந்நூறுக்கு நான் எங்கே போவது? ஈர்க்கை நறுக்கிச் சீவிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. மாமியாரிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த அரிசித் தட்டைக் கீழே வைத்தார்.

"சம்பந்தி வீட்டுக்காரங்களுக்கு விளக்குமாத்துக் குச்சியில குத்திக் குடுக்கப் போறியா?"

விளக்குமாறு இல்லை அத்தை, பச்சை ஓலையிலிருந்து எடுப்பது என்று சொன்னேன். அவர் அரைநாள் என்னோடு பேசவில்லை. கடைசியில் எங்கள் கொல்லைத் தென்னையிலிருந்து இரண்டு மட்டை இறக்கச் சொன்னேன். மரமேறி வந்தவர், என்னக்கா, துடைப்பம் கட்டவா என்று மாமியார் காதுபடவே கேட்டுவிட்டுப் போனார். ஓலையைக் கிழித்து, ஈர்க்கை உருவி, விரல் நீளத்துக்கு நறுக்கி, ஒரு முனையைச் சீவி, மாமியார் மனசு சமாதானமாகட்டும் என்று கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, வெயிலில் காயவைத்தேன். சனிக்கிழமை பகல் முழுக்க அதுதான் வேலை. மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பாதிக் குச்சியை அவரே சீவினார். கொழுந்தனார் கட்டிலில் படுத்தபடி, கூர் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றார்.

அடுத்தது ஃப்ரிட்ஜ். எங்கள் வீட்டில் கிடையாது, தெருவிலேயே கிடையாது. என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்தில் குடியிருந்தார். அவர் வீட்டில் இருந்தது. பிராமணக் குடும்பம், நாங்கள் எல்லோரும் அவரை மாமி என்போம். சனிக்கிழமை சாயங்காலம் போய்க் கேட்டேன். சீஸ் என்றால் பால்தானே, தாராளமாக வை என்றார் மாமி. காப்பி கொடுத்தார். நான் மட்டும் போயிருந்தால் அதோடு முடிந்திருக்கும். கொழுந்தனார் கூட வந்திருந்தார். மாமி மரியாதைக்கு, இதை எப்படித் தயார் பண்ணுவார்கள் என்று கேட்டார். கொழுந்தனாருக்கு அது போதும். பாலைக் காய்ச்சுவதில் ஆரம்பித்தார். பால் திரிவதற்குக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து ஒன்றை எடுத்துச் சேர்ப்பார்கள் என்று, கேட்கப்படாமலே, கையால் வயிற்றைத் தொட்டுக் காட்டியும் சொன்னார்.

மாமி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"தப்பா நெனச்சுக்காதே. சுவாமிக்கு வெக்கற பால் அதுலதான் இருக்கு. பழத்தைக் கொண்டுவந்து வெச்சுக்கோ. இது மட்டும் வேண்டாம்."

நான் தப்பாக நினைக்கவில்லை. மாமிமேல் எனக்கு என்ன கோபம்? திரும்பி வரும் வழியெல்லாம் ஏரிக்கரையில் வேகமாக நடந்தேன். பின்னாலேயே வந்த கொழுந்தனார், உள்ளதைத்தானே சொன்னேன் அண்ணி என்று இரண்டு தடவை சொன்னார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

என் கணவர்தான் கிணற்றை நினைத்தார். உள்ளே எப்போதும் குளுமையாக இருக்கும். மீதி மூன்று பந்தையும் ஈரத்துணியில் சுற்றி வாளியில் வைத்து, தண்ணீருக்கு இரண்டு முழம் மேலே தொங்குகிற மாதிரி கயிற்றைத் தூணில் கட்டினார். நல்ல யோசனை. எனக்கே கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே மனுஷர், தூக்கக் கலக்கத்தில் குளிக்கத் தண்ணீர் இறைக்கப் போய், கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து வாளியை உள்ளே விட்டார். சத்தம் கேட்டு நான் ஓடினேன். வாளி மட்டும் மேலே மிதந்துகொண்டிருந்தது.

பாதாளக் கரண்டி பக்கத்து வீட்டில் இருந்தது. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற கொத்துக் கொக்கி அது. அதைக் கயிற்றில் கட்டி விட்டுத் துழாவ வேண்டும். என் கணவர் துழாவினார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்ன சார் விழுந்தது என்று கேட்டார். பந்து என்றார். உங்கள் வீட்டில் குழந்தை கிடையாதே, யாருடைய பந்து என்று கேட்டார் அவர். தம்பியுடையது என்றார் என் கணவர். எங்களுக்குக் குழந்தையில்லை என்பது நான் யாரோடும் பேசாத விஷயம். கிணற்றடியில் இப்படியா வர வேண்டும் என்று அந்த நிமிஷம் எல்லோர்மேலும் எரிச்சல் வந்தது.

முதல் பந்து கொக்கியில் குத்திக்கொண்டு அரைமணியில் வந்தது. இரண்டாவது பாதி வழியில் இரண்டு தடவை நழுவி மறுபடி விழுந்தது. மூன்றாவது வரும்போது சர்ச்சில் முதல் மணி அடித்துவிட்டது. ஈரத் தலையோடு சர்ச்சுக்கு ஓடினோம். கல்யாணத்தைச் சபைக்கு அறிவிக்கும் ஓலையை வாசித்தபோது என் கணவர் கையில் துருக் கறை. பந்துகளில் ஒவ்வொன்றிலும் நான்கைந்து ஓட்டை. மெழுகு இருந்ததால் உள்ளே அவ்வளவாகத் தண்ணீர் போகவில்லை. ஆனால் அந்த நாள் முழுக்கக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க மாட்டேன் என்று மாமியார் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை நாலு மணிக்குக் கல்யாண ஆராதனை. காலை எட்டு மணிக்கு நான் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தேன். முந்தின சாயங்காலம் சீவி நறுக்கிய அன்னாசி மாமி வீட்டிலிருந்து இரண்டு தூக்குச்சட்டியில் வந்திருந்தது. பல்லாவரத்தில் காயாக இருந்ததெல்லாம் மூன்று நாளில் பழுத்துக் குழைந்து, குச்சியில் நிற்காமல் வழுக்கியது. திராட்சைக்கு விதை. சீஸை அறுக்க அறுக்கக் கத்தியில் ஒட்டியது. ஒவ்வொரு தடவையும் கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைக்க வேண்டியிருந்தது. அன்னாசிச் சாறு விரல் வெட்டுகளில் இறங்கி எரிந்தது. வாசனைக்கு எறும்பு வந்தது. தட்டுகளைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்துக்குள் வைத்தேன். பதினொரு மணிக்கு நூற்றுச் சொச்சம் குச்சி முடிந்திருந்தது.

கொழுந்தனார் அப்போதுதான் முடி வெட்டிக்கொண்டு, பவுடர் வாசனையோடு வந்தார். தட்டின் முன்னால் குனிந்து பார்த்தார். ஒரு குச்சியை எடுத்தார். பார்த்தார். வைத்தார். இன்னொன்றை எடுத்தார்.

"அண்ணி, துண்டெல்லாம் ஒரே அளவா இல்லையே. அப்புறம் திராட்சதான் மேல வரணும். நீங்க சிலதுல அன்னாசிய மேல வெச்சிருக்கீங்க."

சொல்லிவிட்டு அந்தக் குச்சியிலிருந்து மூன்றையும் உருவித் தட்டில் போட்டார். அடுத்ததையும் உருவினார். மூன்றாவதை எடுக்கக் கை நீட்டும்போது நான் கத்தியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"தம்பி, இந்தாங்க. இனிமே நான் குத்தல."

நான் சத்தம் போடவில்லை. ஆனால் அடுக்களையிலிருந்து மாமியார் வந்து வாசற்படியில் நின்றார். என் கணவர் சட்டைக்குப் பித்தான் போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து, சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஏழு வருஷத்தில் அந்த வீட்டில் நான் முதல்முதலாக முடியாது என்று சொன்னது ஒரு திராட்சைக்காக என்று நினைக்கும்போது வெட்கமாகவும் இருந்தது.

கொழுந்தனார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தார்.

நான் அப்படி ஒரு கை வேலையைப் பார்த்ததில்லை. கத்தியை வெந்நீரில் ஒரு முக்கு. சீஸைப் பட்டையாக அறுத்து, பட்டைகளை அடுக்கி, குறுக்கே நாலு வெட்டு. எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு. குழைந்த அன்னாசியை ஒதுக்கி, ஓரத்துக் கெட்டித் துண்டுகளை மட்டும் பொறுக்கினார். இடது கை விரல்களுக்கு இடையில் நான்கு குச்சிகளை ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு, வலது கையால் குத்திக்கொண்டே போனார். கீழே பார்க்கக்கூட இல்லை. நான் மூன்று மணி நேரத்தில் செய்ததை அவர் அரைமணியில் செய்தார்.

மாமியார் வாசற்படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கடா கத்துக்கிட்ட இதெல்லாம்?"

"கப்பல்ல பாத்துப் பழகினதும்மா" என்றார் அவர், தலை நிமிராமல்.

மாமியார் மேற்கொண்டு கேட்காமல் உள்ளே போனார். என் கணவரும் மண்டபத்துக்கு நாற்காலி வந்ததா என்று பார்க்கக் கிளம்பிவிட்டார். கூடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்கப் பார்க்க எனக்குப் புரிந்தது. காப்டன் மேசை விருந்தில் இவர் எங்கே இருந்தார் என்று ஆறு வருஷத்துக் கடிதங்களில் ஒன்றில்கூட இல்லை. உட்கார்ந்திருந்தேன் என்று அவர் எழுதியதே இல்லை.

நான் புரிந்துகொண்டது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கை நிற்காமல் பேசினார்.

"ஆறு வருஷமா தெனமும் சாயங்காலம் இதத்தான் அண்ணி குத்தறேன். குத்திட்டுத் தட்டத் தூக்கிக்கிட்டு நிப்பேன். அவங்க பேசிக்கிட்டே எடுப்பாங்க. மூஞ்சியப் பாக்க மாட்டாங்க. என் கல்யாணத்துலயாவது நான் நிக்க, வேற ஒருத்தர் தட்ட நீட்டட்டும்னு நெனச்சேன். வேப்பேரிக்காரங்களுக்காக இல்ல."

எனக்கு மனசு இளகியது. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எரிச்சலும் அப்படியே இருந்தது. அவருக்கு ஒரு நாள் வேண்டியிருந்தது. அதற்கு என் மூன்று நாளை எடுத்துக்கொண்டார். இதையும் கேட்காமல் எடுத்துக்கொண்டார்.

"எனக்கும் அப்படித்தான் தம்பி" என்றேன். "இந்த வீட்டு விசேஷத்துல தாலி கட்டறதை நான் ஒரு தடவகூடப் பாத்ததில்ல."

அவர் கை அப்போதுதான் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அது தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. நாத்தனார் கல்யாணத்தில் அவர் முன் வரிசையில் இருந்தவர்.

"போய்க் குளிங்க அண்ணி" என்றார். "நான் முடிச்சிடுவேன்."

அவர் முடிக்கவில்லை. பன்னிரண்டரை மணிக்கே மாப்பிள்ளையை அலங்காரம் பண்ண ஆட்கள் வந்துவிட்டார்கள். மீதியை என் கணவர் எடுத்துக்கொண்டார். அவர் குத்தியதில் சிலவற்றில் சீஸ் இல்லை, சிலவற்றில் இரண்டு திராட்சை. கடைசியில் குச்சியே வேண்டாம் என்று, மீந்த துண்டுகளைத் தட்டில் பரப்பிவிட்டார். நான் எதிலும் கை வைக்கவில்லை. குளித்து, நீலப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, மூன்றரை மணிக்கே சர்ச்சில் இரண்டாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

நிம்மதியாகப் பார்த்தேன் என்று எழுதினால் பொய். சர்ச் ஐயர் பிரசங்கம் பண்ணும்போது தட்டுகளை எறும்பு பிடித்திருக்குமோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை தடவை கழுவியும் கையில் சீஸ் வாடை போகவில்லை. ஆனால் கொழுந்தனார் தாலியைக் கையில் எடுத்தபோது அது ஒரு தடவை விரலிலிருந்து நழுவியதையும், மணப்பெண் முடிச்சு போட வசதியாகத் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்ததையும் பார்த்தேன். காலையில் நான்கு குச்சியை ஒரே பிடியில் பிடித்த அதே கை.

மண்டபத்தில் மின்விசிறி இரண்டுதான். வாலிபர் சங்கத்துப் பையன்கள் தட்டுகளைத் தூக்கி வருவதற்குள் சீஸ் வேர்த்து எண்ணெய் விட்டிருந்தது. வயசான உறவினர் ஒருவர் குச்சியை மட்டும் உருவி, பல் குத்த வைத்துக்கொண்டார். குழந்தைகள் திராட்சையைத் தின்றுவிட்டு மீதியைத் தட்டிலேயே திருப்பி வைத்தன. நிறையப் பேர் சீஸைக் கடித்துவிட்டு, துப்ப இடம் தேடினார்கள். பெண்ணின் அப்பாவோ தட்டுப் பக்கத்திலேயே நின்று, என் கணவர் பரப்பி வைத்திருந்த துண்டுகளைக் கையால் எடுத்து எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பையன் என் முன்னால் தட்டை நீட்டியபோது எடுத்துக்கொள்ளவில்லை. தட்டு மேடைக்குப் போனது. கொழுந்தனார் ஒன்றை எடுத்தார். எடுப்பதற்கு முன் அந்தப் பையன் முகத்தைப் பார்த்து ஏதோ சொன்னார். பையன் சிரித்தான்.

மூன்று வாரத்தில் அவர் கப்பலுக்குத் திரும்பிப் போனார். அவர் மனைவி எங்களோடு இருந்தாள். எழும்பூரில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. சாயங்காலம் நான் ஸ்டேஷன் பக்கம் காய்கறி வாங்கப் போகும் நாட்களில் அவளுடைய ரயிலுக்குக் காத்திருந்து, இருவரும் சேர்ந்து நடந்து வருவோம். அப்படி ஒரு நாள், கணவர் கப்பலில் என்ன வேலை பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரியுமா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். எனக்கு அது மனசை அரித்துக்கொண்டே இருந்தது. ஏமாந்து வந்துவிட்டாளோ என்று பயம்.

அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

"தட்டு தூக்கற வேலைதானே? பொண்ணு பாக்க வந்தன்னிக்கே சொல்லிட்டாரு அக்கா. எங்க அப்பாகிட்டயும் சொன்னாரு. அதனாலதான் எங்க வீட்ல சம்மதிச்சாங்க."

நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். வேப்பேரிக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரியாதது எங்கள் வீட்டுக்குத்தான். அந்த மூன்று நாளும் யாரைப் பார்த்துப் பயந்து ஓடினோம்? சிரிப்பதா, அவருக்கு ஒரு கடிதம் எழுதித் திட்டுவதா என்று தெரியவில்லை. கடைசியில் இரண்டும் செய்தேன். கடிதத்துக்குப் பதில் வந்தது. மன்னிப்பு என்ற வார்த்தை அதில் இல்லை. ஆனால் அடுத்த தடவை அவர் ஊருக்கு வந்தபோது, அவர்கள் பிள்ளையின் ஞானஸ்நானத்தன்று, விடியற்காலையிலேயே கொல்லையில் உட்கார்ந்து இருபது பேருக்கான வெங்காயத்தை அவரே அரிந்து வைத்திருந்தார். எல்லாம் ஒரே அளவு.

மாமியார் மட்டும் சாகிறவரை மகன் கப்பலில் ஆபீசர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று வாசற்படியில் நின்று அவர் என்ன புரிந்துகொண்டார் என்று எனக்குத் தெரியாது. நானும் என் ஓரகத்தியும் பக்கத்தில் இருக்கும்போதே சொல்வார். நாங்கள் திருத்தியதில்லை.